அவர் சொன்ன நிறம்

எங்கள் வேலைத்தளத்தில், பொருளையும் இடத்தையும் பெயர் சொல்லாமல் சுட்டும் நான்கு சொற்களுக்குத் தடை இருந்தது: அது, உது, அங்க, உங்க. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத தடை. குழுத்தலைவி போட்டது. மிதிவெடி அகற்றும் பெண்கள் பதினான்கு பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போய், கிழக்குப் பக்கம் திரும்பும் மண்பாதையின் முடிவில் எங்கள் வெளி. தலையில்லாத பனைகள் நின்றன. முன்பு குடியிருந்தவர்களின் கிணற்றுக்கட்டுகள் பற்றைக்குள் தெரிந்தன.

நான் அந்தக் குழுவின் மருத்துவ உதவியாளன். அம்புலன்ஸுக்குப் பக்கத்தில், தறப்பாள் நிழலில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் காலை ஆறரை தொடக்கம் இருப்பேன். என் வேலை காத்திருப்பது. எதற்காகக் காத்திருக்கிறேனோ அது நடக்காமல் போனால் நல்ல நாள். அதனால் எனக்கு எழுத நிறைய நேரம் கிடைத்தது. இருபத்தைந்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நேரம், இடம், யார் என்ன சொன்னார், அவ்வளவுதான் அதில் இருக்கும். அபிப்பிராயம் எழுதுவதில்லை. இந்தப் பக்கங்களை அந்தக் குறிப்புகளை வைத்தே எழுதுகிறேன். தலைவியின் பெயரை மட்டும் எழுதவில்லை. அது அவருடைய மகள் கேட்டுக்கொண்டது.

தடையை மீறுகிறவர் அனேகமாக ஜெனிற்றாவாகத்தான் இருப்பாள். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, கடற்காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்.

"அக்கா, இஞ்ச ஒண்டு கிடக்கு!"

"ஒண்டு எண்டா என்ன? தேங்காயோ?"

"அதுதானக்கா..."

"அதுக்குப் பேரில்லையோ?"

"மிதிவெடி, அக்கா."

"எங்க?"

"எனக்கு முன்னால."

"உனக்கு முன்னால யாழ்ப்பாணமும்தான் இருக்கு. எத்தினை சாண்?"

"ரெண்டு சாண். வலப்பக்கம். பனை வேருக்குக் கிட்ட."

"இப்ப நீ மனிசர் மாதிரிக் கதைக்கிறாய். அப்பிடியே எழும்பி, வந்த பாதையால பின்னுக்கு வா."

சாப்பாட்டு நேரத்தில் ஜெனிற்றா பழிவாங்குவாள். "அக்கா, உங்களைப் பொம்பிளை பாக்க வந்த மனிசனிட்டையும் உப்பிடியே கேட்டனீங்கள்?"

"கேட்டனான். மறுமொழி சொல்லத் தெரிஞ்ச ஆளைத்தான் கட்டினனான்" என்பார். கணவரைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. கடைசிச் சண்டையின்போது மாத்தளன் பக்கம் அவரை இழந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

களத்துக்கு வெளியிலும் அவர் அப்படியேதான். ஒருநாள் கிளிநொச்சிச் சந்தையில் கண்டேன். வியாபாரி "நல்ல சாமான் அக்கா, நம்பி எடுங்கோ" என்று சொல்லிவிட்டான். "எது நல்லது? காம்போ, தோலோ, உள்ளுக்கோ?" என்று அவர் கேட்டார். அவன் ஒரு கத்தரிக்காயைப் பிளந்து காட்டும்வரை நகரவில்லை. விசுவமடுவுக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர் "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று கத்தினால் "எவ்வளவு முன்னுக்கு, தம்பி?" என்பார். சிரிக்க மாட்டார். அவர் பகிடியாகக் கேட்கிறாரா, உண்மையாகக் கேட்கிறாரா என்று எட்டு வருடத்தில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என்னை அவர் அண்ணை என்றும் நான் அவரைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டோம். வயதில் நான் ஆறு வருடம் மூத்தவன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் கையில் இருந்த தடியைக் காட்டினார். எங்கள் வேலையில் இரண்டு விதத் தடிகள் இருந்தன. முழங்கால் உயரம். ஒன்றின் தலையில் சிவப்பு மை, மற்றதில் வெள்ளை. சிவப்பு நின்றால் அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. வெள்ளை நின்றால் மண்ணைக் கிண்டிப் பார்த்துச் சோதித்து முடிந்த நிலம், நடக்கலாம். பெண்கள் முழந்தாளிட்டு இரும்பு வாரியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னால் அவர் வந்து அளவுத் தடியைக் குத்திப் பார்ப்பார். திருப்தி என்றால் கையில் இருக்கும் வோக்கிடோக்கியில் வெள்ளை என்பார். இல்லையென்றால் சிவப்பு. கேட்கிறவர் அந்த நிறத்தை நடுவார். அடுத்த நாள் வேறொருவர் அந்தத் தடியை நம்பி நடப்பார்.

"என்ர வாயில இருந்து வாற சொல்லுக்கு மேலதான் இதுகள் கால் வைக்குதுகள், அண்ணை" என்றார்.

இப்போது அவர் விசுவமடுவில் இளைய மகளுடன் இருக்கிறார். கதைப்பது மிகக் குறைவு. ஏலாமல் இல்லை, விருப்பமில்லை என்று மகள் சொல்கிறார். நான் ஒருமுறைதான் போனேன். கதிரையில் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு மணித்தியாலம் இருந்தேன். முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார்.

அவர் வேலையில் இருந்த காலத்தில், அவருடைய பேச்சில் வந்த முதல் பிசகை நான் கேட்டபோது எனக்கு அது பிசகாகவே தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை, பத்து மணித் தேத்தண்ணி. "அண்ணை, அந்த உப்பை ஒருக்காத் தாங்கோ" என்றார். நான் சீனிப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுக் கலக்கிக் குடித்தார். பின்னேரம் முரசுமோட்டையில் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பு எழுதும்போதுதான் என் பேனை நின்றது. அவர் உப்பு என்று சொன்னார். நான் சீனி என்று கேட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று அந்தச் சொல்லை எங்களுக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுத்திருந்தது.

அடுத்த நாள் தொடக்கம் கவனித்துக் கேட்டேன். தொப்பியைக் குடை என்றார். சுத்தியலை ஆணி என்றார். மகளைத் தங்கச்சி என்றார். ஒருநாளில் ஒன்று, சில நாளில் மூன்று, சில நாளில் ஒன்றுமே இல்லை. அனேகமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு, களைத்திருக்கும் நேரத்தில். ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் தயங்காமல் சரியான பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். தாங்கள் திருத்திக்கொண்டதே அவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் அவர் சொல்ல நினைத்தது, வலப்பக்கம் அவர் சொன்னது. பக்கம் நிரம்பியபோது ஒன்றைக் கண்டேன். சம்பந்தமில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சொந்தக்காரச் சொற்கள்.

பதினேழாவது வரியில் இப்படி இருக்கிறது: நினைத்தது வெள்ளை, சொன்னது சிவப்பு.

அன்று சுகந்தி என்ற பிள்ளை வோக்கியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். துப்புரவாகக் கிண்டிய பாதையைப் பார்த்தாள். பிறகு வெள்ளையை நட்டாள். அது சரிதான். ஆனால் என் தறப்பாள் நிழலில் எனக்கு வியர்த்தது.

என் அடுத்த விடுமுறை நாளில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெரிந்த டொக்டர் ஒருவர், இளம் பெண். தனக்கு மூளை நரம்புப் பகுதியில் படிக்க ஆசை என்று முன்பு சொல்லியிருந்தார். ஆளின் பெயரைச் சொல்லாமல் பட்டியலைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"வலது கையில பலம் குறைவோ?"

"பேனை பிடிக்கிறதில வித்தியாசம் இருக்கு. சின்னதா."

"ஒரு சொல்லுக்கு மூளையின்ர ரெண்டு பக்கமும் வேலை செய்யுது ஐயா. இடப்பக்கம் கெதியான, வேகமான ஆள். கிட்டடிக் கருத்து ஒண்டைப் பிடிச்சு மற்றதுகளைக் கலைச்சுவிடும். வலப்பக்கம் அப்பிடியில்லை. தூரத்துச் சொந்தங்களையும் கொஞ்ச நேரம் கூட்டி வைச்சிருக்கும். உப்பு எண்டவுடன சீனியும் கறியும் கடலும் கண்ணீரும் அங்க மங்கலா முழிச்சுக்கொண்டு நிக்கும். பகிடி விளங்க, கதையின்ர போக்கு விளங்க அது வேணும். எல்லாருக்கும் இப்பிடியேதான் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனா பெரும்பாலும் இப்பிடி."

"இடப்பக்கம் சோர்ந்தா?"

"தெரிஞ்செடுக்கிற ஆள் இல்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்ட, பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறக்கிற மாதிரி."

"தான் மாறிச் சொல்லுறது அவாவுக்குத் தெரியுமோ?"

"சிலருக்குத் தெரியும். சிலருக்குத் தன்ர காதில சரியான சொல்தான் விழுந்த மாதிரி இருக்கும். அதுதான் பயம்." பட்டியலை மடித்துத் தந்தார். "மற்றது, கேக்கிற ஆக்கள். அவையின்ர வலப்பக்கம் நல்லா இருக்குத்தானே. இடம், ஆள், நேரம் எல்லாத்தையும் பாத்து அவையே திருத்தி எடுத்திடுவினம். அதால நோய் முத்தும் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ஐயா, இது மூளை இரத்தக் குழாயில சின்னச் சின்ன அடைப்பா இருக்கலாம். பெரிசு ஒண்டு பின்னால வரலாம். ஏலுமெண்டா நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. அவா என்ன வேலை?"

"மேற்பார்வை" என்றேன். எதை மேற்பார்வை என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

மறுநாள் காலை, பெண்கள் உள்ளே போன பிறகு, தலைவியை வேலைத்தள அலுவலகக் கொட்டிலுக்குள் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது.

"இதை எழுதினது நீங்கள்தானே அண்ணை?"

"ஓம்."

"நான் உப்பு எண்டு சொன்னனானோ?"

"சொன்னனீங்கள்."

"சீனி எண்டுதான் சொன்னனான். எனக்கு ஞாபகம் இருக்கு. என்ர காதால கேட்டனான்." அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு தடியை நிமிர்த்தி நடுவதுபோலச் சொன்னார். "பிழை உங்கட காதில."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அடைப்பு என்ற சொல்லையும் சொன்னேன். அவர் வெளியே பார்த்தார். வேலிக்கு அப்பால், வழமைபோல, காணிக்காரக் கிழவர் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தன் கிணற்றைப் பார்க்க ஒவ்வொரு நாளும் வருவார்.

"மாரி தொடங்க முதல் இந்தக் காணித் துண்டைக் குடுக்கோணும். மூண்டு கிழமை வேலை. குடுத்திட்டு நானே வாறன், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப எழுதிக் குடுத்தீங்களெண்டா என்னை வீட்டை அனுப்புவினம். பேந்து எடுக்கமாட்டினம். சின்னவள் யூனிவேர்சிற்றிக்கு எடுபட்டு ரெண்டு மாதம், அண்ணை."

களத்துக்குள் போகத் தகுதியில்லாதவரை நிறுத்தும் அதிகாரம் மருத்துவ உதவியாளனுக்கு உண்டு. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அன்று அதை எடுத்துத் திகதி எழுதினேன். பெயர் எழுதவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். பிறகு மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு பக்கத்தில் அவருடைய வேலை, மறுபக்கத்தில் பதினான்கு பேரின் கால்கள். மூன்று கிழமைதானே என்று நினைத்தேன். நாட்குறிப்பில் இந்த நினைப்பை எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் "9.20. தலைவியுடன் கதைத்தேன்" என்று மட்டும் இருக்கிறது.

பெண்களிடமாவது எச்சரிக்கலாம் என்று ஜெனிற்றாவைக் கூப்பிட்டேன். நான் தொடங்கியதுமே அவள் சிரித்தாள்.

"அண்ணை, உங்களுக்கு மட்டும்தான் காது இருக்கெண்டு நினைச்சனீங்களோ? எங்களுக்குச் சித்திரையில இருந்து தெரியும்."

"பிறகு?"

"பிறகென்ன, சமாளிக்கிறம். காலமை அக்கா சரி. சாப்பாட்டுக்குப் பிறகு நிறம் சொன்னா மாத்தி எடுக்கோணும். சிவப்பெண்டா வெள்ளை, வெள்ளையெண்டா சிவப்பு. எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். அக்காவுக்கு முன்னால மூச்சு விடுறதில்லை."

"எப்பவும் மாறியே வருமோ?"

"அனேகமா."

இது தலைவியின் காதில் விழுந்திருந்தால் "அனேகமா எண்டா பத்துக்கு எத்தினை?" என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை.

"எழுதிக் கிழுதிக் குடுத்திடாதேங்கோ" என்றாள் ஜெனிற்றா. இப்போது சிரிக்கவில்லை. "என்ர அண்ணன் கடலுக்குப் போட்டில போய்த் திரும்பி வராத கிழமை, அக்கா ஒவ்வொரு நாளும் விசுவமடுவில இருந்து ரெண்டு பஸ் மாறி எங்கட வீட்டை வந்தவா. ஆரும் மறந்தாலும் நான் மறக்கேலாது."

நான் அறிந்த பிறகும் அந்த ஏற்பாடு பத்து நாள் பிசகில்லாமல் நடந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மத்தியானத்துக்குப் பிறகு வோக்கியில் தலைவியின் குரல் ஒரு நிறத்தைச் சொல்லும். களத்தில் மற்ற நிறம் நடப்படும். தூரத்தில் நின்று பார்க்கும் அவர் தலையாட்டுவார். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். அவர் சொல்லாத ஒன்றைச் செய்வதிலேயே எல்லாரும் கெட்டிக்காரராகி விட்டார்கள். அவருடைய சொல்லுக்கு எல்லாரையும்விடக் கூடுதலாகக் கீழ்ப்படிகிறோம் என்றே அவர்கள் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

பதினோராம் நாள் புதன்கிழமை. காலையிலிருந்து வானம் கறுத்திருந்தது. காற்று இல்லை. பனைகளில் ஒரு காகமும் இருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தலைவி என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார். தண்ணி என்றே சொன்னார். "தொப்பியை உங்க வைச்சிட்டுப் போறன்" என்றார். தொப்பியைத்தான் வைத்தார். உங்க என்று சொல்லிவிட்டதை உணர்ந்து, "இந்தப் பெட்டிக்கு மேல" என்று திருத்தினார். அன்று அவருடைய வாயில் எல்லாச் சொல்லும் தன் இடத்தில் இருந்தது. அதை நான் கவனித்தேன். 2.40 என்று நேரம் போட்டு எழுதியும் வைத்தேன்.

மூன்று மணிக்குப் பிறகு மூன்றாம் பாதையைச் சோதிக்கப் போனார். பாதையின் கடைசி மூலையில் ஒரு பனை வேர் குறுக்கே ஓடியது. அளவுத் தடியைக் குத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி குத்தினார். வாரி அந்த வேருக்குக் கீழே போகவில்லை என்பது அவ்வளவு தூரத்தில் இருந்த எனக்கே விளங்கியது போலிருந்தது. அல்லது பிறகுதான் விளங்கியதோ, சொல்ல முடியாது. மேசையில் இருந்த என் வோக்கி கரகரத்தது.

"மூண்டாம் பாதை, கடைசி மூலை. சிவப்பு."

நேரம் 3.10.

தடிக்கட்டு வைத்திருந்தவள் ஜெனிற்றா. அவள் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள். வெள்ளைத் தடியை உருவி எடுத்தாள். நான் எழும்பினேன். கதிரை பின்னுக்கு விழுந்தது. இன்றைக்கு மாத்தாதே என்று சொல்ல வாயைத் திறந்த அதே நேரம் மழை ஒரேயடியாகக் கொட்டியது. தலைவி நீளமாக விசில் ஊதினார். வேலை முடிந்தது என்ற விசில். வழமையாக, நட்ட தடியைத் தானே கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் களத்தை விட்டு வருவார். அன்று பிள்ளைகளை மழையில் நனையவிடாமல் வாகனத்தில் ஏற்றினார். தடியை நட்டுவிட்டு வந்த ஜெனிற்றா தலையைத் துவட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள். பத்து நாள் சரியாக வந்த ஏற்பாடு, ஒருநாள் தண்ணியைத் தண்ணி என்று சொன்னதால் பிழையாகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாகனத்தில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள்.

வியாழக்கிழமை காலை 6.50. சுகந்தி நான்காம் பாதையைத் தொடங்கப் போனாள். மூன்றாம் பாதையின் கடைசி மூலையால் போவதுதான் கிட்ட. அங்கே வெள்ளை நின்றது.

அந்தச் சத்தத்தை விவரிக்கப் போவதில்லை. பெரிய சத்தம் அல்ல. ஒரு கனமான கதவை யாரோ நிலத்துக்குக் கீழிருந்து அடித்துச் சாத்தியதுபோல இருந்தது. பிறகு சுகந்தி அம்மா என்று கத்தினாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகன்.

இப்படி நடந்தால் ஒருவரும் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நிற்கவேண்டும். தலைவி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அசைப்பார். காயப்பட்டவர்வரை புதிதாக மண்ணைக் கிண்டிப் பாதை எடுத்த பிறகுதான் நான் உள்ளே போகலாம். எட்டு வருடமாக இதை மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

"நில்லுங்கோ!" என்று தலைவி கத்தினார். "ஒருத்தரும் அசையாதேங்கோ!"

காலை நேரம். சரியான சொல். ஆனால் பாதிப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் ஒரு காலைத் தூக்கியபடி, அந்தச் சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறினார்கள். ஜெனிற்றா தூக்கிய காலுடன் என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது அதுதானா என்று கேட்கும் பார்வை.

தலைவி அதைக் கண்டார். மற்றப் பதின்மூன்று பேரின் கண்களும் தன்னை விட்டு என்னிடம் போனதைக் கண்டார். ஒன்றோ இரண்டோ விநாடி. அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். விரலால் ஒருத்தியைக் காட்டினார், அவள் நகர்ந்தாள். உள்ளங்கையைக் காட்டினார், நின்றாள். இருபத்திரண்டு நிமிடம் கைகளாலேயே பாதை எடுத்தார். வலது கை சோர்ந்தபோது இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் சுகந்தியிடம் போனபோது அவளுக்கு நினைவு இருந்தது. "அண்ணை, நான் வெள்ளையிலதான் நடந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வலது பாதத்தின் முன்பாதி இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்று எழுதிய அதே நாட்குறிப்பில்தான் முந்திய நாளின் "3.10. சிவப்பு" இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து களப் பொறுப்பாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான ஆள். கொட்டிலுக்குள் ஒரு மேசை. தலைவி ஒரு பக்கம், ஜெனிற்றா ஒரு பக்கம், நடுவில் நான். நாட்குறிப்பு என் சட்டைப் பையில் இருந்தது.

முதல் கேள்வி ஜெனிற்றாவிடம். "தங்கச்சி, அந்த மூலையில வெள்ளை நட்டது நீர்தானே?"

"ஓம்."

"ஏன் வெள்ளை?"

ஜெனிற்றா அழுது முகம் வீங்கியிருந்தாள். நிலத்தைப் பார்த்தாள். தலைவி சொன்ன நிறத்தைத் தெரிந்தே மாற்றி நட்டேன் என்று சொன்னால் வேலை மட்டும் போகாது. சுகந்தியின் கால் அவளுடைய கணக்கில் விழும். அவளுக்கு இருபத்தாறு வயது.

"அக்கா வெள்ளை எண்டு சொன்னவா" என்றாள்.

தலைவி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பொறுப்பாளர் எழுதிக்கொண்டார். "அவாவுக்குச் சொற்கள் மாறுது எண்டு பிள்ளையள் எல்லாரும் சொல்லுதுகள். நோய்தானே, ஒருத்தரும் குற்றம் சொல்லேலாது. வைத்தியத்துக்கு ஒழுங்கு செய்வம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்களிட்டையும் வோக்கி இருந்தது. புதன்கிழமை பின்னேரம் அவா என்ன நிறம் சொன்னவா?"

உண்மையைச் சொன்னால் ஜெனிற்றா போவாள். அவளோடு, எல்லாம் தெரிந்தும் படிவத்தை மடித்து வைத்தவனும் போவான். தலைவிக்கோ எப்படியும் வேலை இல்லை. போன வேலை போனதுதான். இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவசரத்தில் சொன்னதாக எழுதமாட்டேன்.

"வெள்ளை" என்றேன்.

தலைவி இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றினார். ஒரு நாளாகத் திறக்காத வாயைத் திறந்தார். உதடுகள் சொல்லைத் தேடி இரண்டு தரம் அசைந்தன. என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"சிவப்பு."

பொறுப்பாளர் பேனையைத் தாழ்த்தினார். அவருடைய முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

"பாவம்" என்றார் மெதுவாக. "வெள்ளையைத்தானே சொல்லுறா, அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.